அந்த வீட்டு வாசலில் விரித்துக் காட்டக்கூடிய பதாகை: தொண்டு நிறுவனத்தில் டிசைன் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு தொண்டு நிறுவனத்தில் கிராபிக் டிசைன் பயிற்சிக்குச் சேர்ந்தால், முதல் கிழமையே உங்கள் கையில் ஒரு பென்டிரைவ் வரும். உள்ளே முந்நூறு நானூறு படங்கள் இருக்கும். தையல் மெசினுக்குப் பக்கத்தில் நிற்கும் அக்கா, ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஐயா, முன்பள்ளிப் பிள்ளைகள், செயற்கைக் கால் பொருத்திய ஒருவர், மகனின் படத்தை மடியில் வைத்திருக்கும் அம்மா. "இதில நல்லதா நாலைஞ்சை எடுத்து ஒரு பனர் அடியுங்கோ தம்பி, நாளைக்குக் காலமை வேணும்" என்பார்கள். படத்தை எடுத்தது யார், எப்போது எடுத்தது, அந்த அக்காவிடம் கேட்டார்களா என்று ஒரு வரிகூட அதில் எழுதியிருக்காது.

வகுப்பில் நிறங்களைப் படிப்பித்தார்கள், எழுத்துருக்களைப் படிப்பித்தார்கள், சிஎம்வைகே, 300 டிபிஐ, ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கூட விட வேண்டும் என்பதெல்லாம் படிப்பித்தார்கள். இந்தப் பென்டிரைவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நான் கிளிநொச்சியில் ஆறு மாதம் இப்படியொரு பயிற்சியில் இருந்தேன், இப்போது ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறேன், பல நிறுவனங்களின் பதாகைகள் என் கையால்தான் அச்சுக்குப் போகின்றன. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்து படித்ததுதான்.

ஒரு தையல் பயிற்சி நிறைவு விழாவுக்குப் பதாகை. பென்டிரைவில் ஒரு அக்காவின் படம் நன்றாக இருந்தது, வெளிச்சம் முகத்தில் அழகாக விழுந்திருந்தது. பயனாளிகள் பட்டியலில் அவருடைய பெயருக்கு நேரே 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்று இருந்தது. நான் யாரையும் கேட்காமல், படத்துக்குக் கீழே 'யுத்தத்தில் கணவனை இழந்தும் தளராத பெண்' என்று பெரிய எழுத்தில் போட்டேன். பொறுப்பாளர் பார்த்தார், நல்லா இருக்கு என்றார், அச்சுக்குப் போனது. விழா அன்று பொதுநோக்கு மண்டபத்தின் வாசலில் அதைக் கட்டியிருந்தோம். அந்த அக்கா பொட்டு வைத்துக்கொண்டு, நல்ல சேலை உடுத்து வந்தவர், பதாகைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அவர் செத்துப்போனார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

2009 மே மாதத்தில், யுத்தத்தின் கடைசி நாட்களில், வட்டுவாகலில் தன்னிடமிருந்து பிரிந்துபோன கணவரை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கினார்களே, அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். அவரைப் போன்ற எத்தனையோ பேர் மரணச் சான்றிதழ் வேண்டாம், உண்மை வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒரு இரவில், ஒரு வரியில், பத்தடிப் பதாகையில் அவரை விதவையாக்கிவிட்டேன். பதாகையைக் கழற்றினோம். அது பெரிய காரியமில்லை. அவர் அன்று விழாவில் சான்றிதழ் வாங்காமலே போய்விட்டார், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

அதற்குப் பிறகு ஒன்றை நானே பழகிக்கொண்டேன். எந்த வேலையையும் அச்சுக்கு அனுப்புவதற்கு முன், இதைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு படத்தில் இருப்பவரின் வீட்டு வாசலுக்குப் போய், விரித்துக் காட்டி, ஒவ்வொரு வரியாக அவருக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று நினைத்துப் பார்ப்பேன். எந்த வரியில் குரல் தடுமாறும் என்று தோன்றுகிறதோ அந்த வரியை எடுத்துவிடுவேன். முடிந்த இடங்களில் உண்மையாகவே போய்க் காட்டுவேன். ஏ9 வீதிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பஸ்ஸில் போகிற தூரம்தான்.

படம் எடுக்க எப்படிக் கேட்பது

அனுமதிப் படிவம் என்று ஒன்று எல்லா நிறுவனத்திலும் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழாக்கி, கடைசியில் யாருக்கும் விளங்காத ஒரு பக்கம். உதவி கொடுக்கும் நாளில், வரிசையில் நிற்கும்போது, மற்றக் கடுதாசிகளோடு சேர்த்து அதிலும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதைச் சம்மதம் என்று நான் எடுப்பதில்லை. வரிசையில் நிற்கிற அம்மாவுக்கு மறுத்தால் ஆடு கிடைக்காது, கோழிக்கூடு கிடைக்காது என்ற பயம் இருக்கும். வன்னியில் எங்கள் சனம் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து தொடங்கி எத்தனை வரிசையில் நின்று எத்தனை படிவத்தில் கையெழுத்து வைத்தவர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நீட்டுகிற பேப்பரில் கையெழுத்து வைப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது.

கேட்பதென்றால் முதல் வசனமே இதுவாக இருக்கட்டும்: "அம்மா, படம் வேண்டாம் எண்டு சொன்னாலும் உங்களுக்குக் கிடைக்கிற உதவியில ஒரு குறையும் வராது." பட்டியலில் பெயர் எழுதுகிற கள உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்காத நேரத்தில் கேளுங்கள். பொருள் எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு, இன்னொரு நாள் போய்க் கேட்டால் இன்னும் நல்லது. போனில் பழைய பதாகை ஒன்றின் படத்தைக் காட்டுங்கள், 'இப்படித்தான் வரும், இந்தளவு பெரிதாக வரும், இந்த இடத்தில் கட்டுவோம்' என்று. 'விழிப்புணர்வுப் பணிகளுக்காகப் பயன்படுத்தப்படும்' என்று படிவத்தில் உள்ள வரியை வாசித்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

எங்கே போடப்போகிறோம் என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். காசு தருகிற நிறுவனத்துக்குப் போகிற அறிக்கையில் போடலாமா? அலுவலகச் சுவரில்? சந்தியில் கட்டுகிற பதாகையில்? பேஸ்புக்கில்? அறிக்கைக்குச் சரி என்று சொல்கிறவர்கள் பலர் பேஸ்புக்குக்கு வேண்டாம் என்பார்கள். அது கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தக்காரர் கண்ணில் படும், 'உதவி வாங்கித்தான் சீவிக்கிறாளாம்' என்று ஒரு கதை போன் வழியாகத் திரும்பி ஊருக்கே வரும். ஒரு அக்கா எனக்கு இதை நேராகவே சொன்னார், மகளின் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

கேட்டதை எழுதி வையுங்கள். பெரிய மென்பொருள் ஒன்றும் தேவையில்லை, ஒரு எக்செல் தாள் போதும்: படத்தின் இலக்கம், எடுத்த திகதி, யார் கேட்டது, எதெதற்குச் சம்மதம், எத்தனை வருடத்துக்கு. படக் கோப்பின் பெயரில் ஆளின் பெயரைப் போடாதீர்கள், இலக்கம் மட்டும் போடுங்கள். மனம் மாறினால் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கத்தைத் துண்டில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்கிற உரிமை அதில் இருக்கிறது, உடல்நலம் பற்றிய தரவையும் சிறுவர் பற்றிய தரவையும் அது விசேட வகையாகப் பார்க்கிறது. பொறுப்பாளர் 'இதெல்லாம் தேவையா' என்று கேட்டால் சட்டத்தின் பெயரைச் சொல்வது உதவும்.

பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடமும் கேட்க வேண்டும், பிள்ளையிடமும் கேட்க வேண்டும். அம்மா சரி என்று சொல்லி, பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சீருடையில் பாடசாலை பட்ஜ் தெரிகிறதா, பின்னால் பெயர்ப் பலகை தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சிறுவர் பற்றிச் செய்தி சொல்வதற்கு யுனிசெஃப் வைத்திருக்கும் வழிகாட்டலில், பிள்ளையின் நலன் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, சிறுவர் உரிமைக்காகக் குரல் கொடுக்கிற வேலைக்கும் மேலே என்று இருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளையென்றால் கண்ணில் ஒரு கறுப்புக் கோடு போடுவது போதவே போதாது, ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தப் படத்தையே விட்டுவிட்டு வரைந்த படம் ஒன்றைப் போடுங்கள்.

புனர்வாழ்வு முடித்து வந்தவர்களின் படத்தில் 'முன்னாள் போராளி' என்று அடிக்குறிப்புப் போடச் சொல்வார்கள், வெளியில் காட்ட அது நன்றாக இருக்கும் என்று. போடாதீர்கள். அந்தக் குறிப்பால் நாளைக்கு வீட்டு வாசலில் வந்து நின்று விசாரிக்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லப்போவதில்லை, அவர்தான் சொல்ல வேண்டும். அவர் இன்றைக்கு என்ன செய்கிறாரோ, தச்சு வேலையோ கோழி வளர்ப்போ, அதை எழுதுங்கள். கையில் படம் ஏந்தி நிற்கும் அம்மாவின் விடயத்தில், அந்தக் கையில் உள்ள படத்தில் இருக்கிறவரும் ஒரு ஆள் என்பதை மறக்கக்கூடாது. அம்மாவிடம் இரண்டு முகத்துக்கும் சம்மதம் கேட்க வேண்டும்.

போட்டோஷொப்பில் கை வைக்கும்போது

படத்தை மங்கலாக்கி, நிறத்தை எடுத்து, ஓரத்தைக் கறுப்பாக்கி, கண்ணை மட்டும் பெரிதாக வெட்டி எடுத்தால் எந்த முகமும் சோகமாகிவிடும். இது நமக்குத் தெரிந்த வித்தை, அதனால்தான் இதில் கவனம் வேண்டும். என்னிடம் வந்த ஒரு படத்தில் ஒரு ஐயா தன் வயலுக்கு முன்னால் நிற்கிறார், பின்னால் நெல் விளைந்து கிடக்கிறது, இரணைமடு வாய்க்கால் தெரிகிறது, சைக்கிளில் யூரியா பை. 'வயலை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுங்கோ, சுருக்கம் தெரியட்டும்' என்றார்கள். வயலை வெட்டினால் அவர் விவசாயி இல்லை, கையேந்துகிற கிழவராகிவிடுகிறார். நான் இரண்டையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், கூட்டத்தில் இருந்தவர்களே வயல் உள்ளதைத் தெரிவு செய்தார்கள். இப்படி ஒப்பிட்டுக் காட்டுவது வாயால் வாதாடுவதைவிட நல்லாக வேலை செய்யும்.

சொற்களும் அப்படித்தான். 'ஆதரவற்ற', 'அநாதரவான', 'ஏழை எளிய' என்று கையில் வருவதையெல்லாம் தலைப்பில் போடாமல், நடந்ததை எழுதினால் போதும். 'கைவேலியில் 12 குடும்பங்கள் வீட்டுத்தோட்டம் செய்கின்றன' என்பது ஒரு நல்ல தலைப்பு, உண்மையில் 12 என்றால்.

இல்லாததைச் சேர்ப்பது தனிக் கதை. ஒரு ஊரின் வரண்ட கிணற்றை 'முன்' என்றும் இன்னொரு ஊரின் புதுக் கிணற்றை 'பின்' என்றும் போடச் சொல்லி இருக்கிறார்கள். ஒரு நிறுவனம் காசு கொடுத்துக் கட்டிய மலசலகூடத்தில் இன்னொரு நிறுவனத்தின் லோகோவை ஒட்டச் சொல்லி இருக்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவில் ஒரு வன்னி அம்மாவின் முகத்தை இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம், அனுமதிப் பிரச்சினையும் இல்லை என்று சொல்கிறார்கள். இல்லாத ஒரு அம்மாவைப் பயனாளி என்று காட்டுவது பொய், அதற்கு வேறு பெயர் கிடையாது. வரைபடமாக, ஓவியம் என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி, இது ஓவியம் என்று குறிப்பும் போட்டால் அது வேறு. வெளிச்சத்தைச் சரிசெய்வது, சரிந்த படத்தை நேராக்குவது, தூசியை எடுப்பது இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம்.

எண்ணிக்கை வரைபுகளில் பட்டைகளின் அடி பூச்சியத்தில் தொடங்கட்டும். 40 வீட்டுத்தோட்டம் கொடுத்து 26 உயிரோடு இருக்கிறது என்றால், அந்த 26ஐ மட்டும் பெரிய பச்சை வட்டத்தில் போட்டு 40ஐ ஒளிக்காதீர்கள். மிச்சம் 14 ஏன் காய்ந்தது என்பதில்தான் அடுத்த வருடத்துக்கான விடயம் இருக்கும், தண்ணீரா, யானையா, குரங்கா என்று.

மிதிவெடி பற்றிய சுவரொட்டி வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்யுங்கள். முகமாலைப் பக்கம் வருடக்கணக்காகத் தோண்டி எடுத்ததை நாங்கள் கண்ணால் கண்டவர்கள், மிதிவெடிகளைத் தடை செய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்த பிறகும் அந்த வேலை தொடர்ந்தது. இந்தச் சுவரொட்டியில் உங்கள் கற்பனைக்கு இடமில்லை. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு நாட்டு வெடிபொருளின் படத்தைப் போட்டால் பிள்ளை அதைத்தான் தேடும், பக்கத்தில் கிடப்பதைக் கையில் எடுத்துவிடும். கண்ணிவெடி அகற்றும் பணியில் உள்ளவர்கள் ஏற்றுக்கொண்ட படங்களை மட்டும் கேட்டு வாங்கிப் போடுங்கள், மண்டையோட்டுச் சிவப்புப் பலகையின் நிறத்தை அழகுக்காக மாற்றாதீர்கள், முடித்ததை அவர்களுக்கே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே உள்ள தொலைபேசி இலக்கத்தை உங்கள் போனிலிருந்து ஒருமுறை அழைத்துப் பாருங்கள். நான் அப்படி அழைத்ததில் ஒருமுறை ஒரு பலசரக்குக் கடை எடுத்தது. அச்சடித்து ஒட்டியிருந்தால் என்னவாகியிருக்கும்?

மற்றவர்களின் உழைப்பை எடுக்கும்போது

கூகுளில் தேடினால் வருகிற படம் பொதுச் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படத்துக்கு அதை எடுத்தவர் வாழும் காலமும் அதன் பிறகு 70 வருடமும் பதிப்புரிமை உண்டு, அதன் கீழே பெயர் போட்டிருக்கிறதோ இல்லையோ. கிரியேட்டிவ் கொமன்ஸ் படமென்றால், அதாவது எடுத்தவரே சில நிபந்தனைகளோடு மற்றவர்கள் பாவிக்க விட்ட படமென்றால், நிபந்தனையை வாசித்து, எடுத்தவரின் பெயரைப் போடுங்கள். அன்ஸ்பிளாஷ், பிக்ஸாபே போன்றவற்றில் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அங்கிருந்து எங்கேயோ ஒரு நாட்டுப் பிள்ளையின் முகத்தை எடுத்து முல்லைத்தீவுத் திட்டத்தின் பதாகையில் போடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் அது அநியாயம், எங்கள் சனமும் வீட்டுக் கூரையையும் உடுப்பையும் பார்த்தே கண்டுபிடித்துவிடும்.

எழுத்துருவுக்கு வருகிறேன். பாமினி நமக்கெல்லாம் பழகியது, அச்சகங்களில் இன்னும் ஓடுகிறது. அச்சில் அதனால் தொல்லையில்லை. ஆனால் பாமினியில் அடித்ததைப் பேஸ்புக்கிலோ இணையத்திலோ எழுத்தாகப் போட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும், பார்வையற்ற ஒருவரின் போன் அதை வாசித்துக் காட்டாது. வன்னியில் யுத்தத்தில் கண் பறிபோனவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கான திட்டத்தின் அறிவித்தலையே அவர்களால் கேட்க முடியாமல் போவது சரியா? யுனிகோடில் அடியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, ஹிந்த் மதுரை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, யாருடைய எழுத்துருவையும் திருட வேண்டியதில்லை. போட்டோஷொப்பில் கொம்பு புரண்டு, துணைக்கால் தனியே போனால் பந்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை மாற்றிவிட்டால் சரிவரும்.

கிராக் பண்ணிய மென்பொருள் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லாரும் அதில்தான் படித்தோம், எனக்குத் தெரியும். நிறுவனத்தின் கணினியில் அதைப் போடாதீர்கள். அதே கணினியில்தான் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் கிடக்கிறது, கிராக்கோடு சேர்ந்து என்ன வந்து உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. இங்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்கிரைபஸ் இலவசம். பதிவு செய்த தொண்டு நிறுவனங்களுக்குக் கன்வா இலவசமாகத் தருகிறார்கள், விண்ணப்பித்துக் கொடுங்கள், நீங்கள் போன பிறகும் அந்த நிறுவனத்துக்கு உதவும்.

மூன்று மொழியில் அடிக்க வேண்டி வந்தால் சிங்களத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்து ஒட்டாமல் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்குக் காட்டுங்கள், அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பையே காட்டுங்கள். அரச அலுவலகப் பலகைகளில் தமிழை எழுத்துப் பிழையோடு கண்டு எங்களுக்கு எத்தனை முறை மனம் நொந்திருக்கும். அதை இன்னொரு மொழிக்காரருக்கு நாங்கள் செய்யக்கூடாது.

காசும் பிளெக்ஸும்

பயிற்சிக்கு வந்த பிள்ளையைத்தான் அச்சகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் மெதுவாகக் கேட்பார், "தம்பி, பில்லைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தரட்டே?" என்று. அல்லது அடுத்த வேலையும் இங்கேயே கொண்டுவந்தால் உங்களுக்கு ஒரு ஆயிரம் ரூபா. பயிற்சிக்குக் கிடைக்கிற கொடுப்பனவு பஸ் காசுக்கே காணாது என்பதும் எனக்குத் தெரியும், அந்த ஆயிரம் ரூபா சின்னக் காசு இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்தக் காசு ஒரு கோழிக்கூட்டிலிருந்து வருகிறது. மூன்று இடத்தில் விலை கேட்டு மூன்றையும் எழுத்தில் பொறுப்பாளரிடம் கொடுங்கள். மாமாவின் அச்சகம் மலிவு என்றால் 'இது என் மாமாவின் அச்சகம்' என்று அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள், பிறகு முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

பிளெக்ஸ் பற்றி வன்னியில் கண்ணால் காணுகிற ஒரு விடயம் இருக்கிறது. விழா முடிந்த பிளெக்ஸை எங்கள் சனம் எறிவதில்லை. ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரையாகும், விறகை மூடும், மலசலகூடத்துக்கு மறைப்பாகும். ஒருமுறை ஒட்டுசுட்டான் பக்கம் போனபோது, ஒரு வீட்டுக் குளிப்பு மறைப்பில் ஒரு பெண்ணின் முகம் இரண்டடி பெரிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது, கீழே 'பாதிக்கப்பட்ட பெண்களுக்கான' என்ற பாதி வரியோடு. அந்தப் பெண் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். ஆகவே பிளெக்ஸில் பயனாளியின் முகம் போடுவதில்லை என்று நான் முடிவெடுத்துவிட்டேன். தைத்த சட்டை, விளைந்த கச்சான், நந்திக்கடலில் வீசுகிற வலை, வேலை செய்கிற கைகள் போதும். திகதியை ஒரு தனித் துண்டில் அடித்து ஒட்டினால் அதே பதாகையை அடுத்த வருடமும் கட்டலாம், காசும் மிச்சம்.

மேலிடத்தில் எப்படிச் சொல்வது

பயிற்சிக்கு வந்தவர் பொறுப்பாளரிடம் 'இது பிழை' என்று சொல்வது லேசில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர். நான் கண்ட வழி, கேள்வியாகக் கேட்பது, கூடவே மாற்று ஒன்றைச் செய்து கொண்டுபோவது. "சேர், இந்தப் படத்துக்குச் சம்மதம் எழுதின இடத்தில பேஸ்புக் இல்லை, அறிக்கை மட்டும்தான் இருக்கு. முகம் தெரியாத இன்னொரு படம் வச்சு இதையும் செய்திருக்கிறன், பாருங்கோ." பத்தில் எட்டு முறை இது போதும். எல்லாருக்கும் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்லுங்கள். அவர்களும் பெரும்பாலும் இந்த மண்ணின் ஆட்கள்தான், நேரம் இல்லாமல்தான் விட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகும் போடு என்றால், 'நேற்றுப் பேசியது பற்றி' என்று ஒரு மின்னஞ்சலில் இரண்டு வரி அனுப்பி வையுங்கள். ஒருவருக்கு ஆபத்து வரக்கூடிய விடயமென்றால், பிள்ளையின் முகமோ, பாதிக்கப்பட்ட பெண்ணின் வீடோ தெரிகிறதென்றால், நான் செய்யமாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அந்த நிறுவனத்தில் சிறுவர் பாதுகாப்புக்கோ பாதுகாப்புக் கொள்கைக்கோ பொறுப்பானவரிடம் போங்கள், உங்களை அனுப்பிய பயிற்சி நிலையத்துக்கும் சொல்லுங்கள். சான்றிதழ் பிந்தினால் பிந்தட்டும்.

உங்கள் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சேரும்போதே ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள்: எத்தனை மணி நேரம், கொடுப்பனவு எவ்வளவு, யார் உங்கள் வேலையைப் பார்ப்பார், செய்ததை உங்கள் தொகுப்பில் காட்டலாமா. புலமைச் சொத்துச் சட்டப்படி ஊழியர் வேலையின் போக்கில் செய்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை, வேறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குத்தான். பயிற்சியில் இருக்கிறவர் ஊழியரா இல்லையா என்று பிறகு இழுபடாமல் முதலே எழுதிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. தொகுப்பில் போடும்போது முகங்களையும் பெயர்களையும் எடுத்துவிட்டு, நீங்கள் செய்தது எது, மற்றவர் செய்தது எது என்று எழுதுங்கள். மூன்று பேர் சேர்ந்து செய்த ஆண்டறிக்கையை நான் செய்தேன் என்று போடாதீர்கள், எங்கள் ஊர் சின்னது.

போகும் நாளில்

மூலக் கோப்புகள், எழுத்துருக்கள், எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்ற தாள், அந்த எக்செல் பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் போட்டு, அடுத்து வருகிற பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி பெயர் வைத்துக் கொடுங்கள். உங்கள் போனிலும் லப்டொப்பிலும் வட்ஸ்அப்பிலும் கிடக்கிற ஆட்களின் படங்களை அழியுங்கள், அழித்ததைக் குப்பைப் பெட்டியிலிருந்தும் அழியுங்கள், பல போன்களில் அது அங்கே 30 நாள் கிடக்கும். வெளியே அனுப்புகிற படங்களில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு ஒளிந்திருக்கும், வட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும். அதையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, எந்தப் படிவத்திலும் இல்லாதது. படம் எடுத்த ஆட்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். 2009இல் ஓடும்போது வன்னிச் சனம் அல்பங்களைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, பலருக்குத் தங்கள் கலியாணப் படம்கூட இல்லை. நல்ல படமாக ஒன்று எடுத்திருந்தால் அஞ்சலட்டை அளவில் அச்சடித்து, போகும் வழியில் கொடுத்துவிட்டுப் போங்கள். பெரிய செலவு இல்லை.

பயிற்சி முடிகிற கிழமை நான் அந்தத் தையல் அக்காவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன், அவர் தேத்தண்ணி தந்தார். அவருடைய படத்தைக் கொடுத்தேன், பார்த்துவிட்டு உள்ளே போய், பொலித்தீனில் சுற்றிய கணவரின் அடையாள அட்டை அளவுப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். நடுவில் மடித்த கோடு, ஒரு மூலையில் தண்ணீர்க் கறை. பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். "முகத்தில ஒண்டும் மாத்தாதேங்கோ தம்பி, அப்பிடியே வேணும்" என்றார். கறையையும் கோட்டையும் மட்டும் எடுத்து, இரண்டு பிரதி அடித்தேன். பிரேம் கடையில் மாலை வைத்து அடிக்கவா, விளக்குப் போடவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.